தலைமைத் தூசிக்கு ஒரு குழி

அகந்தை ஒழிப்பு மன்றத்தில் யார் எங்கே உட்காருவது என்பதற்குக் கறாரான சட்டம் உண்டு. எவ்வளவு தாழ உட்காருகிறாரோ அவர் அவ்வளவு பெரிய ஆள். புதிதாக வருகிறவர்களை மெத்தை வைத்த உயரமான நாற்காலியில் ஏற்றிவிடுவார்கள். அவர்கள் அங்கே வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அகந்தை கொஞ்சம் தேய்ந்ததும் மர நாற்காலிக்கு இறங்கலாம். அப்புறம் முக்காலி, பலகை, பாய் என்று ஒவ்வொன்றாக இறங்கிக் கடைசியில் வெறுந்தரை. வெறுந்தரையிலும் செருப்பு விடுகிற இடத்தை ஒட்டி உட்காருகிறவர்கள்தான் நிர்வாகிகள். அந்த இடத்தைப் பிடிக்கப் பொழுது விடியுமுன்னே வந்து துண்டு போட்டுவிட்டுப் போவார்கள்.

பதவிகளுக்குப் பேரும் அதற்கேற்றாற்போல்தான். சாதாரண உறுப்பினர் துகள். அவருக்கு மேலே, அதாவது கீழே, துணைத் தூசி. அவருக்கும் கீழே செயல் தூசி. எல்லாருக்கும் கீழே, மன்றத்தையே நிறுவி நடத்துகிற பெரியவர், தலைமைத் தூசி. அவர் காரை விட்டு இறங்கும்போது துகள்கள் இரண்டு வரிசையாக நின்று, "தூசி வருகிறது, தூசி வருகிறது, வழி விடுங்கள்" என்று குரல் கொடுப்பார்கள்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த இடத்தில் உயரத்தால் ஒரு சிக்கல் வந்தது. தலைமைத் தூசி நெட்டை. செயல் தூசி குட்டை. இருவரும் ஒரே தரையில் உட்கார்ந்தால் செயல் தூசியின் தலை ஒரு சாண் தாழ்ந்து தெரிந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு அம்மா, தாழ இருக்கிறவர்தான் தலைவர் என்று கேள்விப்பட்டு, நேரே செயல் தூசியின் முன்னால் போய்க் கும்பிட்டுவிட்டார். "ஐயோ, நான் இல்லை, நான் இல்லை" என்று செயல் தூசி மறுத்தார். ஆனால் அந்த அம்மா கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்துதான் மறுத்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அன்றிலிருந்து தலைமைத் தூசி கூனி உட்கார்ந்தார். இவர் கூனினால் அவர் குனிந்தார். இவர் குனிந்தால் அவர் கவிழ்ந்தார். பிரசங்கம் நடக்கும்போது சபைக்கு இரண்டு முதுகுகள்தான் தெரிந்தன. கடைசியில் நிர்வாகக் குழு கூடியது. தலைமைத் தூசி உட்காருவதற்காக மண்டபத்தின் நடுவில் தரையைப் பெயர்த்துக் குழி வெட்டுவது என்று தீர்மானமானது. தீர்மானத்தைச் செயல் தூசியே முன்மொழிந்தார். மனசில்லாமல் முன்மொழிந்தார் என்பதை அவர் கடித்திருந்த பல்லைப் பார்த்தால் தெரியும்.

குழி வெட்டக் கடப்பாறையை அனுப்பினார் மேஸ்திரி. கடப்பாறை என்றால் கருவி இல்லை, ஆள். வளைய மாட்டான் என்பதால் கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பேர். அவனுக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது.

"மன்றத்துல ஒரு குழி வெட்டணும். போறியா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"எந்த மன்றம்?"

"உன் பொண்டாட்டி போய் உக்காந்திருக்கிற மன்றம்தான். என்ன முழிக்கிற?"

"அவ இருந்தா எனக்கென்ன? நான் குழி வெட்டத்தானே போறேன்."

"அதைத்தான் நானும் கேட்டேன். குழி வெட்டத்தானே போற?"

கடப்பாறை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

நடந்தது பெரிய விஷயமில்லை. அவன் மச்சான் வீடு கட்டுகிறான். ஒருநாள் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடி, சமையலறையை எந்தப் பக்கம் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கடப்பாறையின் பெண்சாதி ஒரு யோசனை சொன்னாள். "அவளுக்கு என்ன தெரியும், விடுங்க. வாய் இருக்குன்னு பேசுவா" என்றான் இவன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் துணிமணியை ஒரு பையில் வைத்துக்கொண்டு, மன்றத்தில் சமையல் வேலை பார்க்கிற தன் அக்காவிடம் போய்விட்டாள். அக்கா மூலமாக ஒரு சேதி மட்டும் வந்தது. எல்லார் காதிலும் விழும்படி சொன்ன பேச்சு அது. எல்லார் காதிலும் விழும்படி தப்பு என்று சொன்னால் வருவாள். இல்லையென்றால் வரமாட்டாள்.

"நானா? நான் போய்ச் சொல்றதா?" என்றான் கடப்பாறை. வீட்டில் அப்போது வேறு யாரும் இல்லை. அடுப்பைப் பார்த்துத்தான் சொன்னான்.

அடுப்பு எரிந்து நாளாகியிருந்தது. அவளில்லாத வீட்டில் அவனுக்கு உட்கார இடம் தெரியவில்லை. நிற்கவும் தெரியவில்லை. அவள் திரும்பி வரவேண்டும், ஆனால் தானாக வரவேண்டும். அதற்குக் குழி ஒரு நல்ல சாக்கு.

*

மன்றத்து வாசலில் அவனை நிறுத்திவிட்டார்கள். குழி வெட்டுகிறவனாக இருந்தாலும் அகந்தையை அளந்துவிட்டுத்தான் உள்ளே விடுவது வழக்கம். அளப்பதற்கு ஒரு தனி அறை. அதில் ஒரு துணைத் தூசி, தடித்த மூக்குக் கண்ணாடியோடு பலகையில் உட்கார்ந்திருந்தார். அளக்கும் முறை சுலபமானது. எதிரே உட்கார வைத்துப் புகழ்வார். உதடு அசைந்தால் அகந்தை உண்டு. அசையாவிட்டால் தேய்கிறது என்று அர்த்தம்.

"உங்கள் கைகளைப் போல் உழைத்த கைகளை இந்த அறை கண்டதில்லை" என்று ஆரம்பித்தார் துணைத் தூசி.

கடப்பாறை தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"இந்தத் தோள் இல்லாவிட்டால் எத்தனை கட்டடங்கள் எழும்பியிருக்கும்?"

கடப்பாறையின் உதடு மட்டுமில்லை, காதும் அசைந்தது. "நிஜமாவா சொல்றீங்க?"

"பேசக் கூடாது. மண்வெட்டியை நீங்கள் பிடித்திருக்கும் விதத்தில் ஒரு ராஜகம்பீரம் இருக்கிறது."

"ஐயா, இதையெல்லாம் எங்க மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். அந்த ஆளு என்னை மாடுங்கிறார்."

துணைத் தூசி கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு மோசமான ஆளை நான் பார்த்ததே இல்லை. புகழ்ச்சியை எப்படித் தாங்குவது என்று என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் என்னைப் புகழுங்கள். என் முகத்தில் ஒன்றும் தெரியாது."

கடப்பாறைக்குப் புகழ்ந்து பழக்கமில்லை. யோசித்துப் பார்த்தான்.

"கண்ணாடி நல்லாயிருக்கு."

துணைத் தூசியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சநேரம் காத்திருந்தார். பிறகு, "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"நல்ல தடியா இருக்கு."

"கண்ணாடியை விடுங்கள். என்னைப் பற்றி?"

"உங்களை இப்பத்தானே பாக்கறேன்."

கடப்பாறைக்கு அகந்தை தலைக்கு மேல் போய்விட்டதாகத் தீர்ப்பாகியது. வெட்டுகிற நேரம் போக, பிரசங்க நேரங்களில் இருக்கிறதிலேயே உயரமான நாற்காலியில் உட்காரவேண்டும் என்பது தண்டனை. அதில் ஏறுவதற்குப் படி இருந்தது. பஞ்சு மெத்தை, கை வைக்கக் கட்டை, முதுகுக்குத் தலையணை. உழைத்து உழைத்து நொந்த இடுப்பு அந்த மெத்தையில் பட்டதும் அவனுக்குத் தன்னை அறியாமல் ஒரு முனகல் வந்தது. வெட்கம்தான் முனகலாக வருகிறது என்று பக்கத்து நாற்காலிக்காரர் தோளைத் தட்டித் தேற்றினார்.

அன்றைய பிரசங்கத்தில் தலைமைத் தூசி இப்படிப் பேசினார்:

"அன்பர்களே, நான் ஒன்றுமில்லை. இதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் என் அளவுக்கு ஒன்றுமில்லாதவர் இன்னொருவர் உண்டா? இருந்தால் காட்டுங்கள். பக்கத்து ஊரில் ஒருவர் மன்றம் வைத்துக்கொண்டு தன்னை மண் என்கிறாராம். மண்! மண்ணுக்கு எடை இருக்கிறது. தூசிக்கு எடை உண்டா? நேற்று ஆரம்பித்த அவருக்கு அவ்வளவு அகந்தை. என் பெயரை நான் எங்கும் போட்டுக்கொள்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகத்தான் வாசலில் பெரிய எழுத்தில் பலகை வைத்திருக்கிறோம், 'இங்கே தலைவரின் பெயர் போடப்படவில்லை' என்று."

சபை தலையைக் குனிந்தது. எல்லாரையும்விடத் தாழக் குனிந்த செயல் தூசிக்கு நெற்றி தரையில் முட்டிச் சத்தம் வந்தது. தலைமைத் தூசி பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தை முறைத்தார்.

அந்தச் சமயத்தில் சமையற்கட்டு வாசலில் வந்து நின்ற பெண்சாதி, கூரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் புருஷனைப் பார்த்தாள்.

*

மத்தியானம் கடப்பாறை சமையற்கட்டுக்குப் பின்னால் கை கழுவப் போனான். தண்ணீர் அங்கேதான் இருக்கிறது என்று போனான். அவள் ஒரு பெரிய அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பாத்திரங்கள் ஒரு பக்கம், தேய்க்காத பாத்திரங்கள் ஒரு பக்கம் என்றில்லாமல், எல்லாமே பாதி தேய்த்தபடி கிடந்தன.

"எதுக்கு வந்தே?" என்றாள்.

"குழி வெட்ட."

"வேற ஒண்ணுமில்லையா?"

"வேற என்ன?"

"சரி. அந்த உச்சாணியில உக்காந்து என்ன பண்ணிக்கிட்டிருந்தே? சிலந்தி பிடிச்சியா?"

"அது தண்டனை."

"தண்டனை கிடைச்ச முகமா அது? வாயத் திறந்து தூங்கிட்டிருந்தே."

பெரிய கரண்டியோடு உள்ளேயிருந்து வந்தாள் அவள் அக்கா. "வாங்க மாப்ளே. கூட்டிட்டுப் போக வந்தீங்களா, இல்ல சும்மா எட்டிப் பாத்துட்டுப் போக வந்தீங்களா?"

"வேலைக்கு வந்தேன் அண்ணி."

"கேட்டுக்கடி. வேலைக்கு வந்தாராம்."

அவன் பேச்சை மாற்றினான். "என்ன, பாத்திரமெல்லாம் பாதியில கிடக்கு?"

அதற்குப் பெண்சாதியே பதில் சொன்னாள். மன்றத்தில் பாத்திரம் கழுவுவதுதான் இருக்கிறதிலேயே தாழ்ந்த வேலை. அதனால் அதுதான் பெரிய பதவி. நிர்வாகிகளுக்குள் முறை வைத்துக் கழுவுகிறார்கள். முறைக்கு அடிதடி. ஒருவர் ஒரு தட்டை எடுத்தால், இன்னொருவர் அதைவிடக் கரி பிடித்ததாக எடுப்பார். கழுவுகிறதை நாலு பேர் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கப்புறம் இவள் எல்லாவற்றையும் மறுபடி கழுவவேண்டும்.

"அப்ப நீதானே இங்க பெரிய ஆள்?" என்றான்.

"நானும் கேட்டேன். நீ செய்யறது பணிவு இல்லம்மா, வேலைன்னுட்டாங்க. செய்யத் தேவையில்லாதவங்க செஞ்சாத்தான் பணிவாம்."

அவன் சிரித்தான். அவளும் சிரிக்க இருந்தாள். அப்போது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்கா கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். கடப்பாறை கையைக் கழுவிக்கொண்டு, "சரி, வேலை கிடக்கு" என்று திரும்பினான்.

"போ போ. குழி காத்துக்கிட்டிருக்கும்" என்றாள் அவள். அண்டாவில் தேய்க்கிற சத்தம் பலமாகக் கேட்டது.

*

குழி முழங்கால் ஆழம் போகிறவரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. இடுப்பளவு போனபோது ஒரு துகள் ஓடிப்போய்ச் செயல் தூசியிடம் சொன்னார்: மன்றத்தில் இப்போது எல்லாரையும்விடத் தாழ இருப்பவன் குழி வெட்டுகிற ஆள். சட்டப்படி அவன்தான் தலைமைத் தூசி.

குழு அவசரமாகக் கூடியது. கடப்பாறையை மேலே ஏறி நிற்கச் சொன்னார்கள். ஏறினான். அப்படியானால் குழியை வெட்டுவது யார் என்று கேள்வி வந்தது. இறங்கச் சொன்னார்கள். இறங்கினதும் அவனுக்கு முன்னால் யார் குனிவது என்று கேள்வி வந்தது. மறுபடி ஏறச் சொன்னார்கள்.

"ஐயா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. முழங்கால் விட்டுப்போச்சு" என்றான் கடப்பாறை.

தரையில் நின்றபடியே நீளமான கம்பு கட்டிய மண்வெட்டியால் வெட்ட முடியுமா என்று கேட்டார் துணைத் தூசி ஒருவர். இன்னொருவர், இவன் வெட்டி முடிக்கிற வரையில் தலைமைத் தூசி இதைவிட ஆழமான வேறொரு குழியில் இருக்கலாமே என்றார். அந்த யோசனை எல்லாருக்கும் பிடித்தது. அந்தக் குழியை யார் வெட்டுவது என்று கடப்பாறை கேட்டபிறகு பிடிக்காமல் போனது. வேலைக்காக இறங்குகிறவன் இறங்கியதாகக் கணக்கில்லை என்று செயல் தூசி ஒரு விளக்கம் கொடுத்தார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தலைமைத் தூசி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"விளக்கம் சரிதான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிறதே" என்றார்.

அவரே குழிக்குள் இறங்கினார். அடியில் ஒரு மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவரைச் சுற்றிச் சுற்றிக் கடப்பாறை வெட்டவேண்டும். அவர் உட்கார்ந்திருக்கிற இடம் மட்டும் மேடாக நிற்கும். உடனே, "என்னை உயர்த்திவிட்டாயே" என்று கத்துவார். பிறகு வெட்டின பக்கத்துக்கு நகர்ந்து உட்காருவார். மேட்டை வெட்டினால் அந்தப் பக்கம் பள்ளமாகும். மறுபடி கத்துவார். இப்படிக் கத்திக் கத்தியே குழி ஆளுயரம் போய்விட்டது.

செயல் தூசியும் சும்மா இருக்கவில்லை. குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டார். தாழ்வைத் தலையிலிருந்து அளப்பதா, காலிலிருந்து அளப்பதா என்று சட்டத்தில் இல்லை. அவருடைய கட்டைவிரல் தலைமைத் தூசியின் காதுக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டைவிரலுக்கும் கீழே போகவேண்டும் என்று இன்னும் வெட்டச் சொன்னார் தலைமைத் தூசி. அன்று சாயங்காலம் சமையற்கட்டில் பெரிய கரண்டியைக் காணோம் என்று அக்கா சத்தம் போட்டாள். தேடிப் பார்த்ததில், செயல் தூசி தன் இடத்தில் போட்ட துண்டுக்கு அடியில் தனக்கென்று ஒரு சின்னக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

"இது குழி இல்லையம்மா. தரையின் அகந்தையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்" என்றார்.

"சுரண்டினது போதும், கரண்டியக் குடுங்க. நாளைக்கு உங்களுக்குத்தான் பரிமாறணும்" என்றாள் அக்கா.

இவ்வளவு ஆழம் போனால் தண்ணீர் ஊறாதா என்று யாரோ கேட்டதற்குக் கடப்பாறை மண்வெட்டியை ஊன்றி நின்று சொன்னான்: "நான் வெட்டின குழியில ஒரு சொட்டுத் தண்ணி வந்ததா இதுவரைக்கும் ஒருத்தன் சொல்லட்டும்." சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த பெண்சாதிக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னான்.

*

குழியில் தலைமைத் தூசி முதன்முதலாக அமர்ந்து பிரசங்கம் செய்யும் நாள் வந்தது. ஊர் ஜனங்கள் வந்திருந்தார்கள். கடப்பாறையின் மச்சானும் சொந்தக்காரர்களும்கூட, குழியைப் பார்க்கலாம் என்று வந்து மெத்தை நாற்காலிகளில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். குழிக்குள்ளிருந்து பேசினால் கேட்காது என்பதால் உள்ளே ஒரு மைக்கை இறக்கியிருந்தார்கள். ஏணி வைக்கவில்லை. ஏணி என்பது ஏறும் ஆசை என்று தலைமைத் தூசி அதைச் சமையற்கட்டுக்கு அனுப்பிவிட்டார். குழியின் பக்கச் சுவரில் கடப்பாறை வெட்டியிருந்த கால் பள்ளங்களில் மிதித்து அவர் உள்ளே இறங்கினார்.

உட்கார்ந்ததும் எழுந்தார். உட்காருகிற இடத்தில் ஒரு கல் முட்டியது. "இது என்னை உயர்த்துகிறது" என்று மைக்கில் சொன்னார். கடப்பாறை மண்வெட்டியோடு இறங்கிக் கல்லை நெம்பினான். கல் வந்தது. கல் இருந்த இடத்தில் தண்ணீரும் வந்தது. பாதம் நனைந்தது, கணுக்கால் நனைந்தது. ஈரம் ஏறியதும் பக்கச் சுவர் சரிந்து, கால் பள்ளமெல்லாம் மண்ணாய் விழுந்தது.

"ஆபத்து! கை கொடுங்கள்!" என்றார் தலைமைத் தூசி. மைக்கில் நன்றாகக் கேட்டது.

செயல் தூசி விளிம்புக்கு வந்தார். "கொடுக்கலாம். ஆனால் தலைவரையே காப்பாற்றியவன் என்ற அகந்தை எனக்கு வந்துவிடுமே. இத்தனை நாள் சேர்த்த பணிவு போய்விடும். வேறு யாராவது அந்தப் பாவத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்."

துணைத் தூசிகள் ஒருவரையொருவர் முன்னால் தள்ளினார்கள். "நீங்கள் கொடுங்கள்." "எனக்குத் தகுதியில்லை." "எனக்கு உங்களைவிடத் தகுதியில்லை." "அதெப்படி, என்னைவிட உங்களுக்கு எப்படித் தகுதியில்லாமல் போகும்?" என்று குரல் ஏறியது. இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள் கடப்பாறையின் பெண்சாதி. குழிக்குள் ஏணியை இறக்கினாள்.

"ஏறி வாங்க" என்றாள்.

தலைமைத் தூசி ஏணியில் கை வைத்தார். கையை எடுத்தார். "முதலில் நீ ஏறு" என்றார் கடப்பாறையிடம்.

"நீங்க பெரியவங்க. நீங்க ஏறுங்க."

"முதலில் ஏறுகிறவன் மேலே போய்விடுவான். கடைசியில் இருப்பவன்தான் தாழ்ந்தவன். இந்தக் கூட்டத்துக்கு முன்னால் நீ என்னைவிடத் தாழ்ந்தவனாக இருக்க நான் விடமாட்டேன். ஏறு."

கடப்பாறை மேலே பார்த்தான். ஏணியின் உச்சியில் அவள் நின்றாள். ஏறினால் அவளுக்கு நேரே போய் நிற்கவேண்டும். நின்றால் ஏதாவது சொல்லவேண்டும்.

"நான் ஏறல" என்றான்.

"ஏன்?"

"எனக்கு அவசரமில்ல."

தண்ணீர் தொடைக்கு வந்தது. இரண்டு ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஏணியைப் பிடித்தபடி, ஏறாமல் நின்றார்கள். கடப்பாறை எதிரில் நிற்கிறவரைப் பார்த்தான். நனைந்த வெள்ளை வேட்டி, வீம்பு பிடித்த மூக்கு, நிமிர்ந்த கழுத்து. இந்த மாதிரி ஒரு மடையனைப் பார்த்ததில்லை என்று நினைத்தான். மறு நொடியில், மேலே நிற்கிறவளுக்கு இங்கே இரண்டு பேர் தெரிவார்கள் என்பது அவனுக்கு உறைத்தது. அவளுக்கு வித்தியாசம் தெரியுமா என்றும் யோசித்தான். குழிக்குள் நிற்கிற அவனுக்கே தெரியவில்லை.

"ஏய்" என்று கூப்பிட்டான். மைக் அவன் வாய்க்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. மண்டபம் முழுக்க "ஏய்" என்று கேட்டது. சட்டையைப் பிடித்திருந்தவர்கள்கூட விட்டுவிட்டார்கள்.

"என்ன?" என்றாள் அவள்.

"உன் அண்ணன் வீட்டுல நான் சொன்னது தப்பு."

மெத்தை நாற்காலியில் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எது?"

"உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னது. சமையலறை நீ சொன்ன பக்கம்தான் வைக்கணும். எனக்கு அப்பவே தெரியும். நீ சொல்லி நான் கேக்கிறதான்னு இருந்துச்சு." மூச்சு வாங்கினான். "வீடு நல்லாவே இல்ல. வா, போலாம்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்ல ஏறி வா. தண்ணியில நின்னுக்கிட்டுப் பேச்சைப் பாரு."

கடப்பாறை ஏறினான். அவன் பாதி ஏறும்போதே கீழே தலைமைத் தூசி மைக்கைப் பிடித்துக்கொண்டார். "அன்பர்களே! இவன் ஒரு தப்புக்குத்தான் மன்னிப்புக் கேட்டான். நான் ஆயிரம் தப்புக்குக் கேட்கிறேன்! என்னைப் போல் தப்பு செய்தவன் உண்டா?" உடனே செயல் தூசி, "தலைவரை இத்தனை தப்பு செய்யவிட்ட என் தப்புதான் பெரியது!" என்று கத்தி, மைக் இருக்கும் இடத்துக்குக் குதித்தார். அவர் போனபின் துணைத் தூசிகள் விளிம்பில் நிற்பார்களா? "நான்தான் கடைசி", "நான்தான் கடைசி" என்று ஒவ்வொருவராகக் குழிக்குள் விழுந்தார்கள். ஆள் சேரச் சேரத் தண்ணீர் மளமளவென்று ஏறியது. நல்லவேளையாக யாரும் முழுகவில்லை. ஒருவர் மேல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் அடியில் நிற்பது யார் என்ற சண்டை தண்ணீருக்குள்ளும் நடந்தது. கரையில் நின்ற துகள்கள் எந்தத் தலைக்கு முன்னால் குனிவது என்று தெரியாமல் பொதுவாகத் தண்ணீரைப் பார்த்துக் குனிந்தார்கள்.

அக்காதான் சமையற்கட்டு ஆட்களைக் கூட்டிவந்து, அரிசிச் சாக்குகளை இழுக்கிற மாதிரி ஒவ்வொரு தூசியாக இழுத்துப் போட்டாள். தூசி என்றாலும் ஒவ்வொருவரும் நல்ல கனம் இருந்ததாக அப்புறம் சொன்னாள்.

*

கடப்பாறையும் பெண்சாதியும் வீட்டுக்கு நடந்தார்கள். அவள் கையில் துணிப்பை. அவன் தோளில் மண்வெட்டி. வெயில் தாழ்ந்து, கடைகளில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். கொஞ்ச தூரம் சேர்ந்தாற்போல் நடந்தார்கள். அது அவனுக்கு நன்றாக இருந்தது. நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கினமாதிரி இருந்தது. இறங்கினதும் இடம் காலியாக இருந்தது. காலியாக இருக்கிற இடத்தில் ஏதாவது வந்து உட்காராமல் இருக்குமா?

"கவனிச்சியா?" என்றான்.

"எதை?"

"அத்தனை பேர் முன்னாடி. மைக்குல. கொஞ்சம்கூடத் தடுமாறாமச் சொன்னேன்ல?"

அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

"எங்க மேஸ்திரி சொல்லுவாரா? உன் அண்ணன் சொல்லுவானா? தப்புன்னா தப்புன்னு ஒத்துக்க ஒரு மனசு வேணும். அது எல்லாருக்கும் வந்துடாது. எனக்கு அது சின்ன வயசுல இருந்தே..."

அவள் நின்றுவிட்டாள். இடுப்பில் கை வைத்து அவனை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள். சேறு காய்ந்த கால்சட்டை, தோளில் மண்வெட்டி, நிமிர்ந்த கழுத்து.

அவன் வாய் திறந்தபடி நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

"சரி" என்றான்.

"என்ன சரி?"

"ஒண்ணுமில்ல. பையக் குடு, நான் தூக்கிக்கிறேன்."

அவள் கொடுத்தாள். தெரு முனை வரைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. முனை திரும்பியதும், தான் இவ்வளவு தூரம் பேசாமல் வந்ததை அவள் கவனித்தாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தான்.